சீல் விழுந்த முகமும் செத்துச் செத்துப் பிழைத்த கொம்பியூட்டரும்

கறுக், கறுக், கறுக். கொஞ்சம் ஓய்வு. பிறகு இன்னொரு கறுக்.

யன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் ஓர் அணில், பழுக்காத காயை இரண்டு கைகளாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த நான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மூளைக்கு விஷயம் தெரிய முன்னமே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வலக்கை மேசையின் மேல் இல்லாத ஒரு மவுஸைத் தேடிற்று. ‘போகப்போகுது, செய்ததைச் சேமி’ என்று இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு பயம் காதுக்குள் சொன்னது.

அணில் போகவில்லை. காய்தான் போயிற்று.

அந்தச் சத்தம் எனக்கு ஒரு கொம்பியூட்டரின் சத்தம். வவுனியாவில், புகையிரத நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு ஸ்ரூடியோ. முன்னறையில் நீல மெழுகுத்துணித் திரை, ஒரு கதிரை, ஒரு சீப்பு, யாவருக்கும் பொதுவான ஒரு கோட்டு. பின்னறையில் கொம்பியூட்டர். அதன் இரும்புப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் சேமிக்கிற வட்டு சுழல்வது, யாரோ உள்ளே இருந்து முறுக்குத் தின்பது போலக் கேட்கும். வேலை சுமுகமாகப் போனால் மெல்லிய முறுக்கு. சாகப் போகிறது என்றால் கல் முறுக்கு.

எனக்கு அப்போது முப்பது வயது. மாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து, ஊர் ஊராக உதிர்ந்து, கடைசியாக வவுனியாவில் ஒட்டிக்கொண்டவன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நாளில் வெளியிடத்திலிருந்து வந்து அந்த நகரத்தில் இருக்கிற எவருக்கும் பாஸ் என்று ஓர் அட்டை வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும். படத்துக்கு நாங்கள் வேண்டும். காலை ஆறரைக்கே வாசலில் முகங்கள் வரிசையாக நிற்கும். தூக்கம் கலையாத முகம், அழுது கழுவிய முகம், படம் எடுப்பதே பிழை என்பது போல முறைக்கும் முகம். நான் அவற்றைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றி, பின்னணியை வெள்ளையாக்கி, எட்டெட்டாக அடித்துக் கொடுப்பேன்.

முதலாளி அறுபதை நெருங்கியவர். இருட்டறை மருந்துத் தண்ணீரில் கைரேகை கரைய நாற்பது வருடம் தொழில் செய்தவர். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எடுத்த படம் ஒன்றையும் அழிக்கவிட மாட்டார்.

“நாளைக்கு ஆரேன் வந்து கேட்டா என்ன சொல்லுவாய்? உங்கட மகன்ர முகத்தைக் குப்பையில போட்டனாங்கள் எண்டோ?”

அவர் சொன்னது வீண்பேச்சில்லை. கேட்டு வந்தார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்தார்கள். ஆகவே அந்தப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் ஆட்கள் குடியிருந்தார்கள், எங்கள் முகாம்களை விட நெருக்கமாக.

அப்படி நிறைமாதமாக இருந்த கொம்பியூட்டருக்குத்தான் அப்கிரேட் வந்தது.

முதலாளியின் மைத்துனர் கொழும்பிலிருந்து ஒரு சிடி கொண்டு வந்தார். படம் திருத்துகிற மென்பொருளின் புதுப் பதிப்பு. “அத்தான், இனிப் பழசை ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. இதில முகத்தில இருக்கிற பருவைத் தொட்டாலே போகும்” என்றார். வெள்ளிக்கிழமை, இராகுகாலம் கழிய, பன்னிரண்டேகாலுக்கு நல்லநேரம் பார்த்தார்கள். முதலாளி கைகால் கழுவி வந்து, பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு கட்டி கற்பூரம் காட்டினார். பழைய பதிப்பை வேரோடு அகற்றச் சொன்னார். பழசும் புதுசும் ஒரு வீட்டில் இருந்தால் சண்டை வருமாம். பழைய சிடியை நூலில் கட்டிப் பின்வளவுப் பப்பாசி மரத்தில் தொங்கவிட்டார். வெயிலில் அது பளபளத்துச் சுழல, குருவிகள் பயந்து மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து அதன்மேலேயே எச்சமிட்டன. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகிற வழி எங்களுக்கு அத்தோடு அடைபட்டது.

திங்கட்கிழமை ஓர் அக்கா வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். உருத்திரபுரத்தில் வாய்க்கால் தண்ணீரில் நெல் செய்த குடும்பம். நாலு இடம் பெயர்ந்து, வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வளவில் ஒற்றை அறை போட்டுக்கொண்டு இருந்தார்கள். மூன்று கிழமைக்கு முன் அவருடைய மனுசன் தேத்தண்ணி கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தவர், தேத்தண்ணி வரும்போது இல்லை. நெஞ்சு நோவு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்றைக்கு வருகிற எல்லோருக்கும் கையில் கொடுக்க, எங்கள் பக்க வழக்கப்படி இறந்தவரின் படமும் வரலாறும் பாட்டும் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று அடிக்க வேண்டும். கல்வெட்டு என்போம். அச்சகக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் படம் கேட்டிருக்கிறார்.

அக்கா மடிக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மனுசனின் பாஸ். அதில் முத்திரை அளவு படம். படத்தின் இடப்பக்கக் கன்னத்தில், மூக்கு ஓரத்திலிருந்து காது வரைக்கும், ஊதா நிறத்தில் வட்டச் சீல். சீலின் திகதி சரியாக மேலுதட்டில் விழுந்து, பாதி மீசையைத் தின்றிருந்தது.

“வேற படம் இல்லையோ அக்கா?”

“இருந்தது. அலுமாரிக்குள்ள இருந்தது. அலுமாரி வீட்டுக்குள்ள இருந்தது. வீடு இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது, தம்பி.”

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார். “சீல் கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சாப் பரவாயில்லைத்தானே, தங்கச்சி?”

“அண்ணை, அந்த மனுசன் முப்பது வரியம் என்னோட இருந்தது. எங்க போறன், எப்ப வருவன் எண்டு எனக்கே ஒருநாளும் சொன்னதில்லை. அவரைச் சீல் குத்தி அனுப்பேலாது. மாட்டுக்குக் குறி சுட்டமாதிரிக் கிடக்கு. கல்வெட்டு வீடு வீடாப் போற சாமான். இந்தச் சீலோட இவர் ஆற்ற வீட்டுக்கும் போகவேண்டாம்.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். அட்டையை அன்று பின்னேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அட்டையும் இல்லையாம்.

“அதுக்கேன் யோசிக்கிறியள்?” முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். “ஸ்கான் பண்ணிவிட்டாச் சரி. இதுக்குள்ள போனது ஒருநாளும் வெளியில போகாது.”

பன்னிரண்டு மெகாபைட்டில் அந்த முகத்தைப் பெரிதாக ஏற்றினேன். அக்கா அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இனி அந்த மனுசனின் முகம் உலகத்தில் இருக்கிற ஒரே இடம், சந்தனப் பொட்டு வைத்த எங்கள் பெட்டி.

வேலை இதுதான்: கன்னத்தின் நல்ல தோலை ஊசிமுனை ஊசிமுனையாக எடுத்து, மை விழுந்த இடத்தில் ஒட்ட வேண்டும். நாற்று நடுவது மாதிரி. தோலின் வெளிச்சம் மாறும், சுருக்கம் திரும்பும், மயிர் ஒரு பக்கமாகச் சாயும். அதையெல்லாம் கவனித்து நடவேண்டும். ஒன்றரை மணித்தியாலம் நட்டேன். காதுப் பக்கம் கால்வாசிச் சீல் அழிந்திருந்தது. சேமிப்போம் என்று அழுத்தினேன்.

கல் முறுக்குச் சத்தம். ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்தது. ‘ஓகே’ அழுத்தினேன். பிறகு ஒரு பெரிய சாம்பல் பெட்டி வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. திரையில் நீலவானமும் முகில்களும் மட்டும்.

திறந்து பார்த்தேன். முகம் இருந்தது. சீலும் முழுசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வந்து, பின்னறையில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். “மனுசன் உள்ளுக்குக் கிடக்கேக்க நான் வீட்டில இருந்து என்ன செய்யிறது?” என்றார். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துக்கொண்டு இருப்பது போல ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வந்திருந்தார்.

நாங்கள் வைத்தியம் தொடங்கினோம். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். செத்தது. பெட்டியைத் திறந்து, நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். செத்தது. சூடு பிடிக்கிறது என்று முதலாளி சொல்ல, மேசை விசிறியைப் பெட்டிக்குத் திருப்பினோம். நாங்கள் மூன்று பேரும் வியர்த்து ஒழுக, பெட்டி மட்டும் தலைமயிர் பறக்கப் பறக்க இருந்து செத்தது. கற்பூரச் சாம்பல் உள்ளே போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அதைச் சொன்னபோது முதலாளி என்னை மூன்று தலைமுறைக்கும் சேர்த்து முறைத்தார்.

“கற்பூரம் காட்டாமல் விட்டிருந்தா வெள்ளிக்கிழமையே போயிருக்கும். சாமியில பிழை சொல்லாதை.”

மத்தியானம் அவர் தொலைபேசிக் கடைக்குப் போய்க் கொழும்பு மைத்துனரோடு கதைத்துவிட்டு, வாடிய முகத்தோடு வந்தார்.

“போர்மற் பண்ணட்டாம்.”

“அப்பிடியெண்டா என்ன?” என்றார் அக்கா.

“உள்ளுக்கு இருக்கிற முழுவதையும் துடைச்சுப்போட்டுப் புதுசாத் தொடங்கிறது.”

“முழுவதையுமெண்டா?”

முதலாளி விரலால் பெட்டியைக் காட்டினார். அக்கா கதிரையை இன்னும் ஓரடி முன்னுக்கு இழுத்துப் போட்டார். அன்று முழுவதும் என் பிடரியில் அவருடைய மூச்சுப் பட்டது.

முகத்தைப் பிளொப்பியில் எடுத்து வேறெங்காவது காப்பாற்றலாம் என்றும் பார்த்தேன். பிளொப்பியில் ஒன்றரை மெகாபைட்டுக்கு மேல் இடமில்லை. அதற்குள் அடங்கும்படி முகத்தை நெரித்தபோது மனுசன் உதிர்ந்த பிட்டு மாதிரி வந்தார்.

“இது ஆர்?” என்று அக்கா கேட்டார். நான் அதை மூடினேன்.

புதன்கிழமை முதலாளி தானே முன்னுக்கு இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தார். நான் மீண்டும் நட்டேன், மீண்டும் செத்தது. அவர் அந்தப் பெரிய சாம்பல் பெட்டியை மூக்குக் கண்ணாடியோடு போய் நெருங்கி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்தபோது அவர் முகம் பெட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

“சட்டவிரோதமான வேலை ஒண்டு நடந்திருக்காம். அதாலை மூடுதாம்.”

நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தோம். பெட்டியை மூடியதும் திரையில் முகில்களைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் என்ன வேலை செய்துகொண்டிருந்தோம் என்று மூவருக்கும் தெரியும். அரசாங்கச் சீல் ஒன்றை அட்டைப் படத்திலிருந்து அழித்துக்கொண்டிருந்தோம்.

“இதுக்கு எப்பிடித் தெரியும்?” முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாத்துக்கும் இப்பிடித்தான் சொல்லும், அண்ணை. போன மாசம் கல்யாண வாழ்த்து மட்டை செய்யேக்கையும் சொன்னது.”

“எனக்குச் சொன்னது இண்டைக்குத்தான்.” அவர் போய் முன்கதவைப் பாதி சாத்தினார். என்னை அனுப்பித் தெருவைப் பார்க்கச் சொன்னார். தெருவில் ஓர் ஐஸ்பழ வண்டிக்காரர் மட்டும் நின்றார். அவர் என்னைப் பார்த்து மணியை அடித்தார்.

“கொம்பியூட்டருக்கு அவ்வளவு பயமெண்டா அதை வெளியில போய் நிக்கச் சொல்லுங்கோ,” என்றார் அக்கா. “நான் இருந்து அழிக்கிறன்.”

வியாழக்கிழமை. அச்சகத்துக்கு இன்னும் ஒரு நாள். நான் நட உட்கார்ந்தேன், காது மடலைக்கூட முடிக்கவில்லை, கல் முறுக்குச் சத்தம் கேட்டது. அக்கா பின்னாலிருந்து கேட்டார்:

“தம்பி, இதை ஒருக்காச் சொல்லும். திங்கட்கிழமை எவ்வளவு நேரம் நிண்டது?”

“ஒண்டரை மணித்தியாலம்.”

“நேற்று?”

“அரை மணித்தியாலம் இருக்கும்.”

“இண்டைக்கு நான் தண்ணிப் போத்திலைத் திறந்து மூடேல்லை. அதுக்குள்ள போட்டுது. எங்கட வயலுக்கு முதல்நாள் தண்ணி கடைசி வரம்பு மட்டும் வரும். அடுத்தநாள் பாதி வரைக்கும். மூண்டாம் நாள் முதல் வரம்பிலயே நிண்டிடும். அப்ப ஒருத்தரும் குளத்தில பிழை சொல்லுறேல்லை. வாய்க்காலுக்குள்ள மண் நிரம்பிப்போச்சு எண்டு மண்வெட்டியைத் தூக்குவம். இதுக்குள்ள எங்கையோ நிரம்பிக்கொண்டு வருகுது.”

“தங்கச்சி, இது மிசின். வயலில்லை,” என்றார் முதலாளி.

“மிசினுக்கும் வழியில்லாட்டி நிக்குந்தானே அண்ணை? சரி, அதை விடுங்கோ. தம்பி, சாகிறதுக்கு முதல் ஒரு சின்னப் பெட்டி வருகுது. நீர் உடன அமத்திறீர். அதில என்ன எழுதிக்கிடக்கு?”

நான் யோசித்தேன்.

“தெரியாது, அக்கா.”

“என்னெண்டு தெரியாமலோ ஓம் எண்டனீர்?”

“ஓம்.”

நாலு நாளாக, நாற்பது தரமாவது, அந்தப் பெட்டி வந்து எனக்கு ஏதோ சொல்லியிருக்கிறது. நாற்பது தரமும் வாசிக்காமல் ஓம் என்றிருக்கிறேன். இது சோம்பல் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மனிதர் எல்லோருக்கும் உடம்பில் ஊறிய பழக்கம் அது. தெரியாத பாஷையில், எதிர்பாராமல், முன்னால் வந்து நின்று எவரும் எதையாவது கேட்டால், கேள்வி என்னவென்று ஆராயாமல் முதலில் ஓம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வழி விடுவார்கள். ஓம் என்ற சொல்லைச் சுட்டுவிரல் நுனியில் வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். என் விரல் அதைக் கொம்பியூட்டருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

“இன்னொருக்காச் சாகவிடும்,” என்றார் அக்கா. “ஆனால் சின்னப் பெட்டியைத் தொடாதையும்.”

சாகவிட்டேன். சின்னப் பெட்டி வந்தது. கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஆங்கிலத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தது: வட்டு நிரம்பிவிட்டது, வேலை செய்ய இடம் போதாது.

மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

உள்ளே போய்த் தோண்டினேன். கதை தெளிவாகத் தொடங்கிற்று. புதுப் பதிப்பு ஒரு படத்தைத் திருத்தும்போது, படத்தைப் போலப் பத்து மடங்கு இடத்தை வட்டில் கடன் கேட்கும். பழசு அவ்வளவு கேட்டதில்லை. இடம் தீர்ந்ததும் சாகும். சாகும்போது தான் பாதியில் விட்ட மூட்டை முடிச்சுகளை அப்படியே போட்டுவிட்டுச் சாகும். அடுத்த தரம் இடம் இன்னும் குறையும், இன்னும் கெதியாகச் சாகும். நாலு நாளாக நாங்கள் செய்த வைத்தியம் ஒவ்வொன்றும் வாய்க்காலுக்குள் ஒரு கடகம் மண். அந்த மூட்டைகளை எல்லாம் தேடி அழித்தேன். இடம் வந்தது. ஆனால் திங்கட்கிழமை இருந்த அளவுக்குத்தான் வந்தது. ஒன்றரை மணித்தியாலம். மீசைக்குப் போகவே மூன்று மணித்தியாலம் வேண்டும்.

“இன்னும் என்னவாவது அழிக்கவேணும், அண்ணை.”

“என்ர ஆக்களைத் தொடாதை,” என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, எனக்கு ஆச்சரியமாக, தலையை ஆட்டினார். “அது சரி. இவருக்கு இடம் குடுக்கவெண்டு இன்னொருத்தற்ற பிள்ளையை எழுப்பேலாது. வேற சாமான் ஒண்டும் இல்லையோ, தம்பி?”

இருந்தது. எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

மத்தியானத்தில் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்து வருவார். அந்த ஒன்றரை மணித்தியாலம் என்னுடையது. கொம்பியூட்டரோடு வந்த ஒரு சின்ன மைக் மேசை லாச்சிக்குள் சும்மா கிடந்தது. நான் அப்போது இரவு பகலாகக் கவிதை எழுதினேன். எழுதியதை யாரும் கேட்க இல்லாததால் முன்னறை நீலத் துணித் திரையைக் கழற்றி வந்து தலைக்கு மேல் மூடிக்கொண்டு, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து, என் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்தேன். ஒரு நிமிடக் குரலுக்குப் பத்து மெகாபைட் போகும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் மெதுவாக வேறு வாசிப்பேன். சொற்களுக்கு நடுவே நீண்ட மௌனம் விடுவேன். மௌனத்துக்கும் அது அதே பத்து மெகாபைட் எடுத்தது. எட்டு மாத மத்தியானங்கள். ‘பழைய இயக்கிகள்’ என்று, கொம்பியூட்டரை ஓட்டும் சில்லறைக் கோப்புகள் போலப் பெயரிட்ட ஒரு பெட்டகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன், முதலாளி எட்டிப் பார்க்காதபடி.

திறந்து காட்டினேன். ஆயிரக்கணக்கான சனத்தின் முகங்கள் இருந்த இடத்தை விட என் குரல் இருந்த இடம் பெரிது.

“என்னடாப்பா இது?” என்றார் முதலாளி.

“பாட்டு மாதிரி.”

“மாதிரியெண்டா?”

“கவிதை.”

“ஆற்ற?”

நான் லாச்சியைத் திறந்து மைக்கைக் காட்டினேன். அக்கா கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். “போடும், கேப்பம். நாலு நாளா என்னத்துக்காகப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் எண்டு தெரியவேணுந்தானே.”

போட்டேன். சின்ன ஒலிபெருக்கியிலிருந்து என் குரல், நீலத் திரைக்குள் புழுங்கி, கடலடியிலிருந்து வருவது போல வந்தது. மழையைப் பற்றியது. ‘மழையே’ என்றேன். நீண்ட மௌனம். வெளியில் ஒரு ட்ரக்டர் போகும் சத்தமும் பதிவாகியிருந்தது. ‘மழையே’ என்றேன் மறுபடி.

“தம்பி, இதில அழுகிறது ஆர்?”

“அழேல்லை, அக்கா. நான்தான் வாசிக்கிறன்.”

இன்னொரு மௌனம். அது நீண்டது. முதலாளி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். கொம்பியூட்டர் மறுபடி செத்துவிட்டதென்று நினைத்தாராம்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றார் அக்கா. “ஆனால் இந்த மழை வந்துதான் நாங்கள் விதைக்கவேணுமெண்டா பட்டினிதான்.”

முதலாளி சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் பார்த்த முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பழைய படப்பெட்டி போலக் கிளிக் கிளிக்கென்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மூன்று கிழமைச் சாவுத்துடக்கு வீட்டுக்காரி சிரிக்கக்கூடாது என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிற்று. நானும் கடைசியில் சிரித்தேன். வேறு வழி இருக்கவில்லை.

“இதை எங்கையும் எழுதி வச்சிருக்கிறீரோ?” என்று அக்கா பிறகு கேட்டார்.

“கொப்பியில இருக்கு.”

“அப்ப உமக்குக் கொப்பி இருக்கு. அவருக்கு இதைவிட வேறை இடமில்லை.”

அழித்தேன். எட்டு மாத மழையும் நிலவும் ட்ரக்டர்ச் சத்தமும் ஒரு நிமிடத்துக்குள் போயின. என் முப்பது வயதுக் குரல் இப்போது எங்கும் இல்லை. எப்போதாவது நினைத்துக்கொள்வேன், எங்கே போயிருக்கும் என்று. போன இடத்தில் இன்னும் இரண்டாவது ‘மழையே’க்குப் பிறகு மௌனமாக இருக்கும்.

அதன் பின் கொம்பியூட்டர் மெல்லிய முறுக்குத் தின்றது. அன்று நாலு மணிக்குள் கன்னத்தை முடித்தேன். வெள்ளிக்கிழமை காலை மீசை. வலப்பக்க மீசையை வெட்டி, திருப்பி, இடப்பக்கம் ஒட்டினேன். பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

“இல்லை,” என்றார் அக்கா. “இடப்பக்கம் கட்டை. சுருட்டை அந்தக் கடைவாயிலதான் வச்சிருப்பார். பொசுங்கிப் பொசுங்கி அந்தப் பக்கம் வளராது.”

குறைத்தேன். “இன்னும் கொஞ்சம்.” குறைத்தேன். “இப்ப கூடக் குறைச்சுப்போட்டீர். அவ்வளவு கவலையீனமான ஆளில்லை.” கூட்டினேன். “பொறும். விடும். இனித் தொடாதையும்.”

பத்தரைக்கு முன்பாக அச்சடித்து எடுத்தோம். முதலாளி தன் கையாலேயே ஓரம் வெட்டினார். அக்கா படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் சீல் விழுந்திருந்த இடத்தைப் பெருவிரலால் மெல்ல ஒருமுறை துடைத்தார். விரலைத் திருப்பி, மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

“என்ன தங்கச்சி, சரியோ?” என்றார் முதலாளி.

“எனக்கு ஏசப்போறார் மாதிரி நிக்கிறார்.”

“அப்ப திருத்தவோ?” என்றேன் நான்.

“வேண்டாம். அதுதான் அவர்.”

பழைய செய்தித்தாளில் படத்தைச் சுற்றினார். போகத் திரும்பியவர் நின்றார்.

“அண்ணை, அந்தச் சீல் குத்தின முகம் இன்னும் உள்ளுக்குக் கிடக்கோ?”

“கிடக்கு. நாங்கள் ஒண்டையும் அழிக்கிறேல்லை.”

“சுத்தமான முகத்தை வச்சிருங்கோ. ஆரேன் கேட்டுவந்தாக் குடுங்கோ. மற்றதை எடுத்துப்போடுங்கோ. நாளைக்கு ஆற்றையேன் கையில அது போகவேண்டாம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் இருந்தார். மவுஸைப் பிடிக்க அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. அம்பு திரையெங்கும் அலைந்து, மெல்ல மெல்ல அந்த முகத்தின் மேல் வந்து நின்றது. அவர் அழித்ததை நான் பார்த்த ஒரே படம் அது. அக்கா அவர் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டுதோ?”

“போட்டுது, தங்கச்சி.”

“திரும்பி வராதே?”

“வராது.”

அக்கா செய்தித்தாள் பொதியை இடது கையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் குடையை எடுத்தார்.

“அப்ப சரி, அண்ணை. தம்பி, நாங்கள் போட்டு வாறம்.”